ஆசையாக அடித்த பாலிஷ்

அக்டோபர் 1, புதன்கிழமை. ஆயுத பூஜை.

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். பால் பாக்கெட், காபி, மொட்டை மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர். பிறகு கார் கழுவல். ஒக்கலிபுரத்தில் எங்கள் தெரு முழுக்க அன்று ஒரே வேலைதான். ஆட்டோ, ஸ்கூட்டர், தள்ளுவண்டி என்று சக்கரம் வைத்த எல்லாமே குளித்துக்கொண்டிருந்தன. நானும் என் காரின் பம்பரில் இரண்டு வாழைக்கன்றுகளைக் கட்டினேன். ஒன்று கொஞ்சம் உயரமாக இருந்தது. அவிழ்த்தேன், சமமாக வெட்டினேன், மறுபடி கட்டினேன்.

"யாரு வந்து அளந்து பாக்கப் போறாங்க?" என்றாள் மனைவி சுதா.

நான் பார்ப்பேனே! பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை எனக்கு. அளப்பதுதான் பிழைப்பு. வீட்டிலும் விடாது. திங்கட்கிழமை கடிகாரங்களைச் சரிபார்ப்பேன். வியாழக்கிழமை நகம் வெட்டுவேன். இதையெல்லாம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் ஏற்கெனவே எழுதி, உங்களில் பலரிடம் கிண்டல் வாங்கியிருக்கிறேன்.

பத்து மணிக்கு நல்ல மனநிலையில் கிளம்பினோம். அந்த நாளின் கடைசி நல்ல மனநிலை அதுதான்.

போன இடம் எலெக்ட்ரானிக் சிட்டி. சுதாவின் தம்பி முரளிக்கு அங்கே ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. மாடுலர் கிச்சன் செய்கிறான். சுற்றிலும் முளைக்கிற அடுக்குமாடிகளில் பாதிப் பேர் இவன் செய்த அலமாரியில்தான் மிளகாய்த்தூள் வைக்கிறார்கள். ஆயுத பூஜைக்குக் குடும்பமே அங்கே கூடிவிடும். மரம் அறுக்கும் மெஷினுக்கு மாலை, டிரில்லிங் மெஷினுக்குப் பொட்டு, எல்லோருக்கும் பொரிகடலை.

இந்த வருடம் பூஜை மேடையின் நடுவில் இன்னொன்றும் இருந்தது. மேலே சிவப்புப் பட்டுத்துணி போர்த்தியிருந்தார்கள்.

"மாமா, கண்ண மூடுங்க" என்றான் முரளி.

"எனக்கு ஐம்பத்து மூணு வயசாச்சுடா."

"மூடுங்க மாமா, ப்ளீஸ்!"

மூடினேன். திறந்தேன். என் கிட்டார். கழுத்தில் சாமந்தி மாலை, நெற்றியில்... மன்னிக்கவும், நடு மார்பில் சந்தனம், குங்குமம்.

அது மட்டும் என்றால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். கிட்டாரும் ஆயுதம்தானே? ஆனால் அந்தக் கிட்டாரில் என் முகம் தெரிந்தது. டியூப்லைட் தெரிந்தது. பின்னால் நின்ற மாமியார் தெரிந்தார். பாலிஷ் போட்டிருக்கிறான்! புது டைனிங் டேபிள் போல, கல்யாண மண்டபத்து சோபாவின் கைப்பிடி போல, பளபளவென்று...

ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். "ஹொஸா கிட்டார் தர இதே சார்!" என்றார் மெஷின் ஓட்டும் மஞ்சுநாத், கன்னடத்தில். புதுக் கிட்டார் மாதிரியே இருக்கிறதாம்.

ஆமாம். அதுதான் பிரச்சினை.

இந்தக் கிட்டாரின் கதையைச் சொல்லாமல் என் கோபத்தைச் சொன்னால், 'பாலிஷ்தானே, இதற்கா இந்தக் கூத்து?' என்பீர்கள்.

நான் வாசிப்பது கன்ட்ரி ப்ளூஸ். அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டு. ஒரு ஆள், ஒரு கிட்டார், அவ்வளவுதான். கட்டைவிரல் கீழ்த்தந்திகளில் நடைபோட்டுக்கொண்டே இருக்கும். மற்ற விரல்கள் மேலே பேசும். அந்தக் காலத்தில் அவர்கள் வாசித்தவை ஒன்றும் ராஜா வீட்டுக் கிட்டார்கள் அல்ல. தபாலில் வரவழைத்த மலிவான, சின்ன உடம்புக் கிட்டார்கள். மெல்லிய பலகை, உள்ளே ஏணிப்படி போலக் குறுக்கே நாலைந்து கட்டைகள். முலாம் மாதிரி ஒரு மெல்லிய வார்னிஷ்.

புதுக் கிட்டார் கோயில் மணி மாதிரி. அடித்தால் ரீங்காரம் அடங்காது. மெலடி வாசிக்க நன்றாக இருக்கும். எனக்கு வேண்டியது கதவைத் தட்டுகிற சத்தம். தட்டினால் தட்டியது தெரிய வேண்டும், உடனே அடங்க வேண்டும், அடுத்த வார்த்தைக்கு இடம் விட வேண்டும். அந்தச் சத்தம் புதிய மரத்தில் வராது. பல வருடம் காய்ந்து, பல வருடம் அடிபட்ட மரத்தில்தான் வரும்.

அப்படி ஒன்றைத் தேடி இந்த ஊரில் நான் அலையாத இடமில்லை. ஆன்லைனில் 'வின்டேஜ்' என்று போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் பையன் இன்ஜினியரிங் சேர்ந்தபோது வாங்கியதாக இருக்கும். தூசிக்கு வின்டேஜ் என்று பெயர். ஒரு கடையில் புத்தம்புதுக் கிட்டாரைத் தொழிற்சாலையிலேயே மெஷின் வைத்துக் கீறி, ஓரங்களைத் தேய்த்து, 'பழசு மாதிரி' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். வாங்கவும் ஆள் இருக்கிறது! மெஷின் போட்ட கீறலுக்குக் காசு கொடுப்பார்கள். மனிதன் போட்ட கீறலைக் காசு கொடுத்து அழிப்பார்கள். என்ன உலகமடா இது?

கடைசியில் கிட்டார் கிடைத்தது பிரேசர் டவுனில். அலுவலக நண்பருக்கு வாடகை வீடு பார்க்கப் போன இடத்தில், பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக பீரோவின் தலையில் அது தெரிந்தது. கூச்சப்படாமல் கதவைத் தட்டினேன். திறந்தவர் ஸ்டெல்லா ஆன்ட்டி. எழுபது தாண்டியவர். கன்டோன்மென்ட் பள்ளிக்கூடம் ஒன்றில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். விசிலை விட்டுவிட்டாரே தவிர குரலை விடவில்லை.

"யாரு நீங்க? எதுக்கு எங்க வீட்டு பீரோவ பாக்கறீங்க?"

சொன்னேன். சிரித்தார். நாற்காலி போட்டு ஏறி நானே இறக்கினேன். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் விட்டுப்போன கிட்டார் அது. ஆன்ட்டியின் மறைந்த கணவர் சாமுவேல் கைக்கு வந்திருக்கிறது. ரயில்வேயில் வேலை பார்த்த அவர் சர்ச்சில் வாசித்திருக்கிறார், கல்யாண வீடுகளில் வாசித்திருக்கிறார், ஒன்றும் இல்லாத சாயங்காலங்களில் அந்த வராந்தாவில் வாசித்திருக்கிறார். உள்ளே ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டைப் பூச்சி அரித்துவிட்டது. என்ன கம்பெனி, எந்த வருடம்... கடவுளுக்குத்தான் தெரியும்.

மடியில் வைத்துக் கட்டைவிரலால் ஒரு தட்டு. கதவு தட்டியது!

அப்போதுதான் அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன். கிட்டாரின் வட்ட ஓட்டைக்குக் கீழே, மேல்பலகையில், புளியங்கொட்டை அளவுக்கு. வார்னிஷ் போய், மரமும் தேய்ந்து, வழவழவென்று ஒரு குழி. விரல்களால் வாசிக்கிற பலர் சுண்டுவிரலைப் பலகையில் ஊன்றிக்கொள்வார்கள். வண்டிக்கு ஸ்டாண்டு போடுவதுபோல. சாமுவேல் அங்கேதான் ஊன்றியிருக்கிறார்.

"உங்க நகத்த ஒட்ட வெட்டியிருக்கீங்களே" என்றார் ஆன்ட்டி என் கையைப் பார்த்து. "எங்க வீட்டுக்காரர் அந்தச் சுண்டுவெரல் நகத்த மட்டும் வெட்டவே மாட்டாரு. பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கம்மா கேட்டாங்க, மாப்பிள்ளை காது கொடயறதுக்கா வளக்கறாருன்னு. அந்த நகம் போட்ட குழிதான் இது."

விலை பேசியது ஐந்து நிமிடம்கூட இல்லை. ஆன்ட்டி வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்கே போய்விடப் போகிறார். அதனால்தான் விற்கச் சம்மதித்தார். சம்மதிக்கும்போது இரண்டு விஷயம் கேட்டார். ஒன்று, கிளம்புவதற்கு முன் ஒரு தடவை கொண்டுவந்து வாசித்துக் காட்ட வேண்டும். வியாழக்கிழமை, காந்தி ஜெயந்தி, லீவு நாள் என்று முடிவானது. இரண்டாவதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

"தந்தி மாத்துங்க, என்னா வேணா மாத்துங்க. அந்தக் குழிய மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க. மத்ததெல்லாம் போட்டோவுல இருக்கு. கை பட்டதுன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

சரி என்றேன். தலையாட்டவில்லை, வாயால் சொன்னேன்.

பிறகு ஏன் அது முரளியிடம் போனது? அந்த அளவுக் கிட்டாருக்குக் கடையில் பெட்டி கிடைக்காது. இப்போதையவை எல்லாம் பருமன். முரளி "நான் செஞ்சு தர்றேன் மாமா, அளவுக்கு ஒரு வாரம் குடுங்க" என்றான். கொடுத்தேன். கொடுக்கும்போது அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். வெயிலில் வைக்காதே. காருக்குள் விடாதே. குப்புறப் போடாதே. தந்தியைத் தளர்த்தி வை. பாலிஷ் போடாதே என்று சொல்லவில்லை. தலையில் அம்மிக்கல்லைப் போடாதே என்றும்தான் சொல்லவில்லை!

இப்போது அந்தப் பள்ளம் எங்கே?

மாலையைத் தூக்கிப் பார்த்தேன். சுண்டுவிரலால் தடவினேன். வழுக்கிக்கொண்டு போனது.

"தெரியலல்ல?" என்றான் முரளி, அவன் முகமும் பாலிஷ் போட்டதுபோல இருந்தது. "அதுக்கு மட்டும் ரெண்டு நாளு ஆச்சு மாமா. ஃபில்லர் போட்டு அடைச்சு, கலர் மேட்ச் பண்ணி, மூணு வாட்டி தேச்சேன். வேற ஒருத்தனையும் தொட விடல, எல்லாம் நானே. கிச்சன் டாப்புக்கு அடிக்கிற கோட்டிங் இது. கரண்டி பட்டாக்கூட கீறல் விழாது. பத்து வருஷம் கேரன்ட்டி!"

நான் என்ன செய்தேன் தெரியுமா? "நல்லா இருக்குடா" என்றேன்.

வேறென்ன சொல்ல? கற்பூரம் எரிகிறது. மாமியார் கண் கலங்க நிற்கிறார். பதினைந்து பேர் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். பெட்டியையும் காட்டினான். அற்புதமான பெட்டி. அரை மில்லிமீட்டர் பிசகு இல்லை. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. இவ்வளவு துல்லியமாக வேலை தெரிந்தவன்தான் அழித்திருக்கிறான்! ஏனோதானோ என்று செய்திருந்தால் கொஞ்சமாவது மிச்சம் இருந்திருக்கும்.

வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். நான் உடைந்த பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மாப்ள, பூஜையில வெச்சது. வீட்டுக்குக் கொண்டுபோயி சாமி ரூம்ல வெச்சிடுங்க. நாளைக்கு மறுபூஜை பண்ணிட்டுத்தான் வாசிக்கணும்" என்றார் மாமியார். அன்று எனக்குப் பிடித்த ஒரே சடங்கு அதுதான்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் சுதா சொன்னாள். "மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க. அவன் ஆசையா பண்ணான்."

அவ்வளவுதான். எலிவேட்டட் ரோடு முழுக்க அன்று காலியாக இருந்தது. என் வாயில் மட்டும் டிராஃபிக் ஜாம் இரைச்சல்.

"ஆசையா பண்ணா? ஆசையா பண்ணா என்ன வேணா பண்ணலாமா?"

"கத்தாதீங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

"பாத்துதான் ஓட்டறேன். அவன்தான் பாக்காம தேச்சிருக்கான்!"

நீங்களே சொல்லுங்கள். எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். எத்தனையோ நூறு வருடத்துக் கல்தூண் இருக்கும். உளி பட்ட தடம் ஒவ்வொன்றும் தெரியும். ஒருநாள் யாரோ ஒரு பக்தர் ஆசையாக வந்து அதற்கு சில்வர் பெயின்ட் அடித்துவிட்டு, கீழே 'உபயம்' என்று தன் பெயரையும் எழுதுவார். பழைய வீட்டில் சிவப்பு சிமென்ட் தரை வழவழவென்று கண்ணாடி மாதிரி இருக்கும். பிள்ளைகள் ஆசையாக அதன்மேல் டைல்ஸ் ஒட்டுவார்கள், முதல் மழைக்கு அப்பா வழுக்கி விழுவார். கெடுக்க வேண்டும் என்று வருகிறவனைத் தடுத்துவிடலாம். கேள்வி கேட்கலாம், போலீஸைக் கூப்பிடலாம். ஆசையாக வருகிறவனை என்ன செய்வது? அவன் சுத்தியலோடு வந்தால்கூட, நாம் காபி கொடுத்து உட்காரவைக்க வேண்டியிருக்கிறது. முடிந்ததும் "நல்லா இருக்கு" என்று வேறு சொல்ல வேண்டும்.

சொன்னேனே!

"அவனுக்குக் குழியோட கதை தெரியாதில்ல?" என்றாள் சுதா.

"தெரியாது."

"நீங்க சொல்லல."

"சொல்லல. ஒரு பொருள் தேஞ்சிருந்தா யாரோ அதத் தொட்டிருக்காங்கன்னு அர்த்தம். அதக்கூட ஒருத்தன் சொல்லித்தான் தெரியணுமா?"

சுதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சில்க் போர்டு சந்திப்பு வந்தது. நான் வீட்டுக்குப் போகும் வழியில் திரும்பவில்லை.

"எங்க போறீங்க?"

"பிரேசர் டவுன்."

"அது நாளைக்கில்ல?"

"நாளைக்கு அந்தம்மா டீ போட்டுக்கிட்டு, நாற்காலியெல்லாம் எடுத்துப்போட்டு உக்காந்திருப்பாங்க. அப்போ போயி இதப் பெட்டியிலேர்ந்து எடுக்கச் சொல்றியா?"



ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டு ஹாலில் பாதி அட்டைப்பெட்டிகள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "ஒரு நாளு முன்னாடியே வந்துட்டீங்களா? வாசிக்க அவ்ளோ அவசரமா?" என்றார். நான் பெட்டியைத் திறந்தேன். விளக்கம் சொல்ல வாய் எடுப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"என்னா மேன் இது?"

சொன்னேன். என் மச்சான், பெட்டிக்கு அளவு, சர்ப்ரைஸ், பூஜை...

"பொட்டு வேற வெச்சிருக்கீங்க."

"அது... ஆயுத பூஜை ஆன்ட்டி."

"பொட்டு இருக்கட்டும். தொடச்சா போயிடும். இது?" குழி இருந்த இடத்தில் அவருடைய கட்டைவிரல் நின்றது. ஒரு தடவை தேய்த்தார். இன்னொரு தடவை. பிறகு விரல் முட்டியை மடக்கி, வாசல் கதவைத் தட்டுவதுபோல, பலகையில் இரண்டு தட்டு தட்டினார்.

"முன்னாடி டக்குனு கேக்கும். இப்பப் பாருங்க. பூசணிக்காயத் தட்டுன மாதிரி."

சரியாகச் சொன்னார். தேய்த்ததில் பலகை மெலிந்திருக்கும். அதன்மேல் கெட்டியாக ஒரு தோல். சத்தம் உள்ளேயே போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது. இனி நான் வாசித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள எதுவும் பாக்கி இல்லை.

"என் மச்சானுக்குத் தெரியாது ஆன்ட்டி, அவன் ஆசையா..." என்று நானே ஆரம்பித்துவிட்டேன்! பக்கத்தில் நின்ற சுதா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க மச்சான நான் பாத்ததே இல்ல" என்றார் ஆன்ட்டி. பி.டி. டீச்சர் குரல். "அவரு யாரு, எவருன்னே தெரியாது. நான் உங்க கையில குடுத்தேன். நீங்க சரின்னு சொன்னீங்க. வேற யாரு பேரையும் இதுல கொண்டாராதீங்க."

நின்றேன். வெயிலில் மைதானத்தில் நிற்கவைத்த பையன்போல. சுதாவும் கூடவே நின்றாள்.

அவர் உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. சமையலறையில் பாத்திரங்கள் அட்டைப்பெட்டிக்குள் விழும் சத்தம். வைக்கிற சத்தம் அல்ல, போடுகிற சத்தம். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. ஆனால் கோபம் அப்படியேதான் இருந்தது.

"உங்களுக்கு என்ன வயசு?"

"ஐம்பத்து மூணு."

"அந்தக் குழி விழ எங்க வீட்டுக்காரருக்கு இருவது வருஷம் ஆச்சு." என் வலது கையைப் பிடித்துத் தூக்கிச் சுண்டுவிரலைப் பார்த்தார். "சீக்கிரமா ஆரம்பிங்க."

என் கையை விட்டுவிட்டு, கிட்டார் பெட்டியை அவரே சாத்தினார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க. வாசிக்கறதுக்கு வரணும். சாரி சொல்றதுக்கு வராதீங்க. பூசணிக்காய் மாதிரி கேட்டாலும் பரவால்ல, நான் உக்காந்து கேப்பேன். கேட்டுட்டு நல்லா இல்லன்னு சொல்லுவேன்."

இதைவிட நேர்மையான ரசிகரை நான் எங்கே போய்த் தேடுவது?

வீட்டுக்கு வந்ததும் கிட்டாரைச் சாமி அறையில் வைத்தேன். சாப்பிடுவதற்கு முன்பே முரளிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாமுவேல், நகம், குழி, ஆன்ட்டி கேட்டது, நான் சரி என்றது. மெதுவாகச் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டு டிவி சத்தம் குறைந்தது. என்னைக் கேட்பதற்காகத்தான்.

 

"மாமா... அத்தன பேர் முன்னாடி நல்லா இருக்குன்னீங்களே."

"பொய் சொன்னேன்."

"அப்பவே திட்டியிருக்கலாம்ல?"

"திட்டியிருக்கணும்."

பிறகு அவனுக்கே உரிய உற்சாகம் மெல்ல எட்டிப்பார்த்தது. "ஒண்ணும் கவலப்படாதீங்க மாமா. ரிமூவர் இருக்கு. ஒரே நாளு. கோட்டிங்க மொத்தமா உரிச்சிட்டு, அந்த எடத்துல மரம் குடையற ரௌட்டர் மெஷின் வெச்சு அதே மாதிரி ஒரு குழி..."

"தொட்டே, கைய ஒடச்சுடுவேன்!"

சுதா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் திரும்பியதும் அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. மெஷினால் குழி போடுவானாம்! புதுக் கிட்டாரைக் கீறி விற்கிற அந்தக் கடைக்காரன் செய்கிற அதே வேலை. ஆசையாக அழிப்பான், ஆசையாக டூப்ளிகேட்டும் போடுவான்.

இந்தப் பத்தியைப் படிக்கிற ஆசைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாருடைய பொருளாவது தேய்ந்திருந்தால், ஓரம் மழுங்கியிருந்தால், கைப்பிடி கறுத்திருந்தால்... அதைப் பளபளப்பாக்க உங்கள் கை துடித்தால், தயவுசெய்து முதலில் கேளுங்கள். கேட்டால் சர்ப்ரைஸ் போய்விடுமே என்கிறீர்களா? போகட்டும்.

அக்டோபர் 2, வியாழக்கிழமை. விஜயதசமி. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் வாங்கப் போவதற்கு முன்பே நகவெட்டியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். "நல்ல நாளும் அதுவுமா நகம் வெட்டறீங்களே" என்று கீழிருந்து சுதா குரல் கொடுத்தாள். ஒன்பது நகங்களை ஒட்ட வெட்டினேன். வலது கைச் சுண்டுவிரலை விட்டுவிட்டேன்.

கீறல் விழாது என்று முரளி பத்து வருடம் கேரன்ட்டி கொடுத்திருக்கிறான். பார்த்துவிடலாம்.